வலை நிரற்கலை பல்கலைக் கழகம் புகுந்த வரலாறு

ஒருவர் கணினித் திரையில் உள்ள படிவத்தில் தம் பெயரை எழுதிப் பொத்தானை அழுத்துகிறார். ஒரு நொடிக்குள் அப்பெயர் நெடுந்தொலைவில் உள்ள மற்றொரு கணினியை அடைந்து, அங்கே பதிவாகி, ‘பதிவு முடிந்தது’ என்னும் விடையைக் கொண்டுவருகிறது. பேருந்துச் சீட்டு வாங்குவோரும், பிள்ளையைப் பள்ளியிற் சேர்ப்போரும், வங்கியில் பணம் மாற்றுவோரும் நாள்தோறும் காண்கின்ற செயல் இது. பழகிப் போனமையால் இது வியப்பை ஊட்டுவதில்லை. ஆயினும், பொத்தானை அழுத்தியதற்கும் விடை வந்ததற்கும் இடையே நிகழ்வன யாவை என்று அறிவது ஒரு தனிக் கல்வியாகும். வலைச் செயலி நிரலாக்கம் என்பது அதன் பெயர்.

இன்று உலகின் பல பல்கலைக் கழகங்களில் கணினித்துறை மாணவர் இதனைப் பாடமாகப் பயில்கின்றனர். 1990ஆம் ஆண்டிலோ இப்பாடம் எங்கும் இல்லை, இருந்திருக்கவும் இயலாது. இக்கலைக்கு நிலைக்களமான உலகளாவிய வலையே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது.

பெரும்பாலும் ஒரு கலை அறிஞரிடம் தோன்றி, நூலாகி, வகுப்பறை வழியே மாணவரைச் சென்றடையும். வலை நிரற்கலை இம்முறைக்கு மாறாக வளர்ந்தது. மாணவரும் இளைஞரும் முதலில் செய்து பார்த்தனர். ஆசிரியர் பின்னரே அதனைப் பாடமாக்கினர். இம்மாறுபாட்டினால் விளைந்த நன்மையும் உண்டு; இடரும் உண்டு. தமிழ் எழுத்துக்கும் அவ்விடரில் ஒரு பங்கு இருந்தது.

ஆய்வகத்தில் பிறந்தது

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வகத்தில் பணியாற்றியவர் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய அறிஞர். பல நாட்டு ஆய்வாளர் வந்து வந்து செல்லும் அந்நிலையத்தில் ஆவணங்கள் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் படிக்கும் வழியொன்றை 1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் திட்டமாக எழுதித் தந்தார். 1990ஆம் ஆண்டின் இறுதிக்குள் பக்கங்களைக் காட்டும் உலாவியும், கேட்ட பக்கத்தை அனுப்பும் வழங்கியும் அவர் கையால் உருவாயின. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், இவற்றை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்நிலையம் அறிவித்தது. வலை உலகெங்கும் பரவியதற்கு அவ்வறிவிப்புப் பெருங்காரணமாயிற்று.

தொடக்கத்தில் வலை ஒரு நூலகத்தையே ஒத்திருந்தது. எழுதி வைத்த ஏட்டைக் கேட்டவர்க்கு அப்படியே எடுத்துத் தருவது வழங்கியின் வேலை. நூறு பேர் கேட்டாலும் நூறு பேருக்கும் ஒரே ஏடுதான் கிடைக்கும். படிப்போர் ஒன்றைச் சொல்ல, அதற்கேற்ற விடையை அப்போதே ஆக்கித் தரும் முறை அன்று வகுக்கப்படவில்லை.

ஏடு விடையாக மாறியது

அந்த மாற்றம் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் நிகழ்ந்தது. அங்கிருந்த மீக்கணினிப் பயன்பாட்டு நிலையத்தில் மாணவராகவும் பணியாளராகவும் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா என்பாருடன் சேர்ந்து 1993ஆம் ஆண்டில் மொசாய்க் என்னும் உலாவியை ஆக்கினார். எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்திற் காட்டிய அவ்வுலாவி, வலையைப் பொதுமக்களுக்கு உரியதாக்கிற்று. அதே நிலையத்தில் ராப் மெக்கூல் என்னும் இளைஞர் ஒரு வழங்கியை எழுதினார்.

அவ்வழங்கியோடு அதே ஆண்டில் வகுக்கப்பட்டதே சி.ஜி.ஐ. எனப்படும் பொது நுழைவாயில் முறை. அதன் கருத்து மிக எளிது. கேள்வி வந்ததும், இருப்பிலுள்ள ஏட்டைத் தருவதற்கு மாறாக, வழங்கி அக்கேள்வியை வேறொரு நிரலின் கையிற் கொடுக்கும். அந்நிரல் கணக்கிட்டோ தேடியோ எழுதித் தருவதை வழங்கி வாங்கிக் கேட்டவர்க்கு அனுப்பும். இச்சிறு ஏற்பாட்டினால், எழுதி வைத்த ஏடாக இருந்த வலைப்பக்கம் கேட்ட அந்நேரத்தில் ஆக்கப்படும் விடையாயிற்று. வலை நிரற்கலையின் தொடக்கம் இதுவே எனலாம்.

மெக்கூல் 1994ஆம் ஆண்டில் அந்நிலையத்தை விட்டு நீங்கவே, அவர் எழுதிய வழங்கியைப் பேணுவார் இலராயினர். அதனைப் பயன்படுத்தி வந்தோர் ஆங்காங்கே செய்த திருத்தங்களை ஒன்று திரட்டினர். 1995ஆம் ஆண்டில் அது அப்பாச்சி என்னும் பெயரோடு வெளிவந்து, பின்னர்ப் பல்லாண்டு உலகில் மிகுதியாக வழங்கியது.

மறதியும் அடையாளச் சீட்டும்

வலை பேசும் மொழிக்கு ஓர் இயல்பு உண்டு. அதற்கு நினைவு இல்லை. ஒரு கேள்வி வந்தது, ஒரு விடை சென்றது என்ற அளவில் உறவு முடிந்துவிடும். அடுத்த கேள்வி அதே மனிதரிடமிருந்து வந்தாலும் வழங்கிக்கு அவர் புதியவரே. நூலகத்திற்கு இக்குறை தடையன்று, கடைக்குத் தடையாகும். ஒருவர் அரிசியைக் கூடையில் இட்டுப் பருப்பை எடுக்கத் திரும்பியதும் கூடை எவருடையது என்று கடைக்காரர் மறந்துவிட்டால் வாணிகம் எங்ஙனம் நடக்கும்?

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி 1994ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டார். வழங்கி தன் விடையோடு ஒரு சிறு குறிப்பையும் அனுப்பும். உலாவி அதனை வைத்திருந்து, மறுமுறை கேட்கும்போது கூடவே காட்டும். கோயிலில் செருப்பை விடுவோர் எண் எழுதிய சீட்டை வாங்கி, மீளும்போது காட்டுவது போன்றது இது. குக்கி என்று பெயர்பெற்ற இச்சீட்டின் துணையால் மறதியுள்ள மொழியின் மேல் நினைவுள்ள உறவு கட்டப்பட்டது. வலை நிரலாக்கம் பயிலப் புகும் மாணவன் முதன்முதலில் தெளிய வேண்டிய உண்மை இது. இதனை உணராதவன், தன் நிரல் ஏன் ஒருவரை மற்றொருவராகக் கருதுகிறது என்று அறியாது திகைப்பான்.

மாணவர் செய்த கருவிகள்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக் கழகத்திற் பயின்றவர் ராஸ்மஸ் லெர்டோர்ஃப். வலையில் தாம் வைத்திருந்த தன்விவரப் பக்கத்தை எவரெவர் பார்க்கின்றனர் என்று அறிய 1994ஆம் ஆண்டில் சில சிறு நிரல்களை எழுதினார். 1995இல் அவற்றைப் பொதுவில் வெளியிட்டார். பி.எச்.பி. என்னும் மொழிக்கு அவையே வித்து.

அவ்வித்தை மரமாக்கியவர் இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரின் டெக்னியான் தொழில்நுட்பக் கழகத்து மாணவர் இருவர். ஆண்டி கட்மன்ஸ், ஸீவ் சுராஸ்கி என்னும் அவ்விருவரும் பல்கலைக் கழகப் பயிற்சிக்காக ஒரு மின்வாணிகச் செயலியை எழுத முற்பட்டனர். லெர்டோர்ஃபின் கருவி அவ்வேலையைத் தாங்கவில்லை. ‘கருவி போதாது’ என்று விட்டுவிடாமல், 1997ஆம் ஆண்டில் அம்மொழியின் பொறியையே புதிதாக எழுதத் தொடங்கினர். லெர்டோர்ஃபும் அவர்களோடு இணைந்தார். 1998ஆம் ஆண்டு சூன் திங்களில் பி.எச்.பி. மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. ஒரு பருவப் பயிற்சிக்கென எழுந்த முயற்சி உலகின் பல்லாயிரம் தளங்களுக்கு அடித்தளமாயிற்று.

தரவைக் காக்கும் ஏட்டறையின் கதையும் இதனை ஒத்ததே. செய்திகளை அட்டவணைகளாக வகுத்து, அவற்றிடையே உறவை நிறுவும் கொள்கையை ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் எட்கர் காட் 1970ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் நடத்திய ஆய்விலிருந்து போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம் உருவாயிற்று. அங்குப் பட்டமேற்படிப்புப் பயின்ற ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் இருவர் 1994ஆம் ஆண்டில் அதற்கு எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழியைப் பொருத்தினர். 1996இல் போஸ்ட்கிரஸ்க்யூஎல் எனப் பெயர் மாறிய அது இன்றும் வகுப்பறையிலும் தொழிலகத்திலும் வழங்குகிறது.

வகுப்பறை ஏற்றுக்கொண்டது

கருவிகள் பெருகின, அவற்றைக் கையாளும் இளைஞரும் பெருகினர். ஆனால் இது பல்கலைக் கழகம் கற்பிக்கத்தக்க கல்வியா, அல்லது பட்டறையில் பழகிக்கொள்ளத்தக்க தொழிலா என்னும் வினா எழுந்தது. ஓராண்டில் புகழ்பெற்ற கருவி அடுத்த சில ஆண்டுகளில் மறைகிறது. அத்தகையதைப் பாடத்திட்டத்தில் வைப்பது ஆற்றங்கரை மணலில் வீடு கட்டுவதை ஒக்கும் என்பது ஒரு சாரார் வாதம். உலகம் முழுதும் பயன்படுத்தும் பொறியொன்றைப் பற்றி ஒன்றும் அறியாமல் மாணவன் பட்டம் பெறுவது முறையன்று என்பது மறுசாரார் வாதம். இரண்டிலும் உண்மை இருந்தது.

இவ்விரண்டையும் இணைத்த முயற்சிகளில் ஒன்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1990களின் இறுதியில் எழுந்தது. பிலிப் கிரீன்ஸ்பனும் பேராசிரியர் ஹால் ஏபல்சனும் அங்கு வலைச் செயலிகளுக்கான மென்பொருட் பொறியியலைப் பாடமாக நடத்தினர். பின்னர் 6.171 என்னும் எண்ணைப் பெற்ற அப்பாடம், கருவியின் பெயரை முதன்மைப்படுத்தவில்லை. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஒரு பணியை மாணவர் குழுவாகக் கூடி, உண்மையாகவே தேவையுள்ள ஒருவருக்கு ஆக்கித் தர வேண்டும் என்பதே அதன் நெறி. ஈவ் ஆண்டர்சன், கிரீன்ஸ்பன், ஆண்ட்ரூ குருமெட் ஆகியோர் அப்பாடத்தை நூலாக்கினர். அது 2006ஆம் ஆண்டில் அச்சேறியது.

பல பல்கலைக் கழகங்களுக்குப் பொதுவான வழிகாட்டுதலும் இதற்கிடையே வந்தது. கணினி அறிஞர் கழகமும் மின்பொறியாளர் கழகமும் சேர்ந்து 2001ஆம் ஆண்டில் வகுத்த கணினிக் கல்வித் திட்டத்தில் வலைமையக் கணிப்பு தனியொரு பகுதியாக இடம்பெற்றது. கேட்போனும் தருவோனும் எனப் பிரிந்து இயங்கும் கணிப்பு முறைக்கு வலை எடுத்துக்காட்டாக அதில் வைக்கப்பட்டது. இதற்கு ஓராண்டு முன்னரே, 2000ஆம் ஆண்டில், அர்வைன் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் ராய் ஃபீல்டிங் என்பார் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வலையின் அமைப்பை ஆராய்ந்து, ரெஸ்ட் என்னும் கட்டமைப்பு நெறியை வகுத்திருந்தார். செயல் முந்தியது, இலக்கணம் பிந்தியது. மொழி வரலாறு அறிந்த தமிழாசிரியர்க்கு இது புதிய செய்தியன்று.

மாறுவனவும் மாறாதனவும்

கருவிகளின் நிலையாமை உண்மையே. சி.ஜி.ஐ. நிரல்கள் பின்தள்ளப்பட்டன. 2004இல் ரெயில்ஸ் வந்தது, 2005இல் ஜாங்கோ, 2009இல் நோட், 2013இல் ரியாக்ட். 1995ஆம் ஆண்டு மே திங்களில் பத்தே நாளில் பிரண்டன் ஐக் முதல் வடிவம் தந்த ஜாவாஸ்கிரிப்ட், உலாவிக்குள் சிறு வேலை செய்யும் மொழியாய்த் தொடங்கி, வழங்கியிலும் இடம்பிடித்தது. கருவியை மட்டும் கற்றவன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியவனானான்.

ஆயினும் இத்தனை மாற்றத்திற்கும் அடியில் சில மாறாமல் நிற்கின்றன. கேள்வியும் விடையும் என்னும் அமைப்பு மாறவில்லை. மொழியின் மறதி மாறவில்லை. ஒரே நேரத்தில் பலர் வருவதால் எழும் சிக்கலும் மாறவில்லை. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் செல்லும் பேருந்தில் ஓர் இருக்கையே எஞ்சியிருப்பதாகக் கொள்வோமானால், அதனை இருவர் ஒரே நொடியில் கேட்கக்கூடும். ‘இடம் உள்ளதா’ என்று இருவர் பொருட்டும் நிரல் பார்க்கிறது. இரு முறையும் ‘உள்ளது’ என்றே விடை. இருவருக்கும் சீட்டு அளிக்கப்படுகிறது. பார்ப்பதையும் பதிவதையும் பிரிக்கவொண்ணாத ஒரே செயலாகக் கட்டாததனால் வந்த பிழை இது. தனியே அமர்ந்து சோதிக்கும் மாணவன் இப்பிழையை ஒருநாளும் காணான். கோட்பாட்டைக் கற்றவனே எதிர்பார்த்துக் காப்பான்.

நம்பத்தகாத உள்ளீடு என்பது மற்றொன்று. படிவத்தில் எழுதப்பட்ட சொல்லை நிரல் தரவுத்தளத்திற்கான கட்டளைக்குள் மேற்கோள் குறிகளுக்கிடையே வைக்கிறது. எழுதியவர் தம் சொல்லிலேயே ஒரு மேற்கோள் குறியை இட்டுவிட்டால், பிறர் கூற்று அங்கே முடிந்ததாகவும், பின்வருவன நிரலாசிரியரின் சொந்தக் கட்டளையே எனவும் தரவுத்தளம் கொள்ளும். மேற்கோள் எங்கு முடிகிறது என்று அறியாமல் ஓர் உரையைப் படிப்பவர், பிறர் கருத்தை உரையாசிரியர் கருத்தாக மயங்குவது போன்றதே இம்மயக்கம். கெடுமதியாளர் இவ்வழியே ஏட்டறை முழுவதையும் சூறையாட இயலும். 1998ஆம் ஆண்டு இறுதியில் இவ்வழி பொதுவில் விளக்கி எழுதப்பட்டது. கட்டளையை வேறாகவும் உள்ளீட்டை வேறாகவும் அனுப்புதல் என்னும் தீர்வு எளிதாகவே இருந்தது. அங்ஙனமிருந்தும், 2010, 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட வலைச் செயலி இடர்ப்பட்டியலில் இவ்வகைப் புகுத்தலே முதலிடத்தில் நின்றது. கருவி விரைந்து பரவிற்று. அடிப்படைக் கல்வி அவ்விரைவோடு செல்லவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

தமிழ் எழுத்தும் நிரலாளன் கல்வியும்

வலையில் தமிழ் ஏறிய வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1995ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கிய வலைத்தளம் ஒன்றை அந்நாள் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். நாட்டின் நான்கு மொழிகளுள் ஒன்றாகத் தமிழும் அதில் இடம்பெற்றது. தமிழாசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி அவர்களின் உழைப்பு அதன் பின்னே நின்றது. 1997ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. 1999ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். கணினித்துறையார் ஒருவரல்லர், தமிழாசிரியர் ஒருவரே இப்பணியில் முன்நின்றார் என்பது நினைந்து போற்றத்தக்கது.

அந்நாளில் தமிழுக்குப் பல குறிமுறைகள் வழங்கின. ஒரு முறையில் எழுதியது மற்றொரு முறையில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தது. 1992ஆம் ஆண்டில் கென் தாம்சனும் ராப் பைக்கும் யு.டி.எஃப்.–8 என்னும் முறையை வகுத்தனர். இவை காலப்போக்கில் பரவியபின் அக்குழப்பம் பெரிதும் நீங்கியது. எனினும், குறிமுறை ஒன்றானதால் மட்டும் தொல்லை தீரவில்லை. நிரலெழுதுவோன் அதனை அறிந்திருக்கவும் வேண்டும்.

‘தமிழ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் மூன்றெழுத்து என்று சொல்லும். யூனிகோடு கணக்கிலோ அது ஐந்து குறிகள்: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. யு.டி.எஃப்.–8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டாக, மொத்தம் பதினைந்து பைட்டு. மூன்று, ஐந்து, பதினைந்து ஆகிய மூன்றும் மெய்யே; எதனை எண்ணுகிறோம் என்பதே வேறுபாடு. ஆங்கிலத்தில் எழுத்தும் குறியும் பைட்டும் ஒன்றாகவே நிற்பதால், ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் சோதிக்கும் மாணவனுக்கு இவ்வேறுபாடு புலப்படாது. ‘பெயர் இருபது எழுத்துக்கு மேற்படலாகாது’ என்று எண்ணி அவன் இருபது பைட்டு என எல்லை வகுத்துவிடுவான். இருபது பைட்டில் ஆறு தமிழ்க் குறிகள் அடங்கும். ஏழாவது குறி நடுவே அறுபடும். ‘மீனாட்சி’ என்னும் நான்கெழுத்துப் பெயருக்கு எட்டுக் குறிகள் உண்டு. ஆகவே அப்பெயர் இறுதி எழுத்தாகிய ‘சி’யை இழந்து ‘மீனாட்’ என்றும், அதனையடுத்து ஒரு சிதைந்த குறியோடும் ஏட்டில் நிற்கும். பெற்றோர் பார்த்து வைத்த பெயரை ஒரு படிவம் குறைத்துவிட்டது. இதற்குத் தமிழின் இயல்பு காரணமன்று. படிவத்தை ஆக்கியவன் கல்லாது விட்ட ஒரு பாடமே காரணம்.

கதவு திறந்தது

2012ஆம் ஆண்டில் பெர்க்லிப் பேராசிரியர்களான அர்மாண்டோ ஃபாக்ஸ், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் தம் மென்பொருட் பொறியியற் பாடத்தை இணையவழியே உலகிற்குத் திறந்துவிட்டனர். ரெயில்ஸ் என்னும் கருவியைக் கொண்டு வலைச் செயலிகளை ஆக்கக் கற்பிக்கும் பாடம் அது. பல்கலைக் கழகத்தின் படியேற இயலாதவரும் அதன் வகுப்பைக் கேட்கும் வாய்ப்பு இவ்வாறு பெருகிற்று. கெடா மாநிலத்துத் தோட்டப் பள்ளியில் படித்து வளரும் ஒரு பிள்ளையும், விரும்பினால், அத்தகைய பாடத்தை வீட்டிலிருந்தே பயிலலாம்.

வாய்ப்புப் பெருகியபோது பழைய வினாவும் திரும்பி வந்தது: கருவியைக் கற்பதா, அடிப்படையைக் கற்பதா? வரலாறு காட்டும் விடை, ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொள்ளலாகாது என்பதே. கருவியின்றி அடிப்படை கைவராது. டெக்னியான் மாணவர் இருவரும் ஒரு செயலியைக் கட்டப் புகுந்தமையாலேயே கருவியின் குறையைக் கண்டனர். அடிப்படையின்றிக் கருவி நிலைக்காது. குறை எங்குள்ளது என்று அறியும் ஆற்றல் அவர்களுக்கு இருந்தமையாலேயே அதனைத் திருத்தினர்.

எழுத்து என்பது யாது, அதன் அளவு யாது என்று ஆராய்வதைத் தமிழ் இலக்கணம் தன் முதல் வேலையாகக் கொண்டது. வலைச் செயலி எழுதப் புகும் மாணவனும் அதே வினாவைத்தான் முதலில் எதிர்கொள்கிறான். ஆகவே, கணினி கற்கச் செல்லும் பிள்ளைக்கு எழுத்தியலைச் செம்மையாகக் கற்பித்து அனுப்பும் தமிழாசிரியர், அவன் பல்கலைக் கழகத்திற் பயிலப்போகும் பாடத்தின் முதற் பகுதியையே கற்பித்தவராவார். அவன் ஆக்கும் படிவத்தில் மீனாட்சி தன் பெயரை முழுமையாக எழுதுவாள்.